ஏழு கட்டை, இரண்டு சூடம்

தோட்டத்து ஒன்றுகூடலுக்குச் சிறப்பு மலர் போடுகிறோம், சின்ன வயசு நினைவு ஒன்றை இனிப்பாக எழுதித் தாருங்கள் என்று மலர்ப் பொறுப்பாளர் தம்பி மூன்று முறை கேட்டுவிட்டார். மற்றவர்கள் கொடுத்ததையும் காட்டினார். ஒருவர் அணைக்கட்டுப் பக்கம் மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். இன்னொருவர் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய்க் கிடைத்ததை எழுதியிருக்கிறார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. என்னிடம் அந்த மாதிரிச் சரக்கு இல்லை. நம் தோட்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது பயம். பனியும் கொழுந்து வாடையும் அதற்குப் பிறகுதான்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி கோயிலுக்கு முன்னால் நின்றிருந்தீர்கள். அண்ணன் அக்காவின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுக, பெரியவர்களின் கால்களுக்கு நடுவே தலையை நுழைத்து வேடிக்கை பார்த்தீர்கள். பங்களா அக்கா சூடம் அடித்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது பாதி. மீதிப் பாதியை நான் ஐம்பது வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டு அலைகிறேன்.

வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பிப் போன வருஷம் அது. எழுபதுகளின் பாதி தாண்டியிருந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. அம்மா கொழுந்து கிள்ளினார், அப்பா கவ்வாத்து வெட்டினார். துரை பங்களாவில் ஆயாவாக இருந்த அக்கா மேல் லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். கட்டியவர் கோலாலம்பூருக்கு வேலை தேடிப் போனவர், போனவர்தான். பிள்ளை இல்லை. புதுத் துரை தன் ஆட்களையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டதால் அக்காவும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்.

துரைசாணி போகும்போது வேலைக்காரர்களுக்குச் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்குச் சன்னல் திரை, ஒருவருக்குப் பீங்கான் தட்டு. அக்காவுக்குக் கிடைத்தது ஒரு பச்சைத் துணிப்பை. உள்ளே மரக்கட்டைகள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை, ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து, மூலையில் எறும்பு அளவுக்கு ஓர் எண். எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, அடுக்கிச் சொல் கண்டுபிடிக்கிற விளையாட்டு. பலகை இல்லை. நாலைந்து கட்டைகளும் இல்லை. பையைத் திறந்தால் துரையின் சுங்கான் குழாய்ப் புகையிலை மணக்கும்.

அக்காவுக்கு ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் பத்து வருஷம் தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றவருக்கு விளையாட்டின் சட்டம் அத்தனையும் தெரியும். எனக்கு எழுத்து தெரியும், சட்டம் தெரியாது. குருடனும் நொண்டியும் கூட்டுச் சேர்ந்த கதைதான்.

"கைய உள்ள வுட்டுப் பாக்காம ஏழு எடுக்கணும் பாப்பா. பாத்து எடுத்தா களவாணித்தனம்லா," என்பார். அவர் எழுத்துகளுக்கு வேறு பெயர் வைத்திருந்தார். ஏ என்றால் ஏணி. ஓ தோசை. எஸ் பாம்பு. "எனக்கு ரெண்டு ஏணி வந்திருக்கு, ஒரு பாம்பும் வந்திருக்கு, பாரு, என்னா வார்த்த வரும்?" என்று என் பக்கம் தள்ளுவார். நான் இரண்டு பேருக்குமாக யோசிப்பேன். வாரத்துக்கு நாலு நாள், பள்ளி விட்டு வந்ததும், அவர் காலை வேலையை முடித்துத் திரும்பியிருந்தால், தரையில் கோணிச்சாக்கை விரித்து உட்காருவோம். அம்மா மலையிலிருந்து இறங்குவதற்குள் நான் வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஏனென்றால் அம்மாவுக்கு நான் அங்கே போவது பிடிக்காது. "புள்ள இல்லாத வூடு, புருசன் இல்லாத வூடு. அங்க ஒனக்கு என்னா வேல?" என்பார். அம்மா கெட்டவர் இல்லை. லயத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள், அவரும் பேசினார்.

எழுத்தைப் பிரித்துச் சேர்ப்பதில் ஒரு வித்தை இருக்கிறது, பள்ளியில் யாரும் சொல்லித் தராதது. கட்டைகளை வரிசையாக வைத்தால் கண் அந்த வரிசையையே பிடித்துக்கொள்ளும், விடாது. வட்டமாக வைக்க வேண்டும். வால் எழுத்துகளை முதலில் தனியே ஒதுக்க வேண்டும். பாம்பு வந்தால் அது பெரும்பாலும் கடைசியில்தான் போய் உட்காரும். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திடீரென்று பார்க்க வேண்டும். மூன்று எழுத்தில் சொல் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சி. ஐந்தில் கிடைத்தால் குதிப்பேன். ஏழையும் ஒரே தடவையில் வைப்பது என் கனவாக இருந்தது. "ஏழையும் வெச்சா தொர எந்திரிச்சு நின்னு கைதட்டுவாரு. நான் ரெண்டே தடவதான் பாத்திருக்கேன்," என்று அக்கா சொல்லியிருந்தார்.

அதனால்தான் கட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். கிளம்பும்போது பைக்குள் கையை விட்டு ஏழு எடுப்பேன். மறுநாள் சொல்லோடு திரும்பி வருவேன். அக்கா அதற்கு வீட்டுப்பாடம் என்று பெயர் வைத்தார். கட்டை சிதறாமல் இருக்க எனக்கு ஒரு துணி வேண்டியிருந்தது. எங்கள் தகரப்பெட்டியின் அடியில் ஏதோ கல்யாணத் தேங்காய் முடிந்து வந்த மஞ்சள் துணி ஒன்று கிடந்தது. அதில் பாதியைக் கிழித்துக்கொண்டேன். சாயம் போகாத, நல்ல மஞ்சள்.

அந்த முறை எனக்கு வந்தவை ஜி, ஏ, ஆர், டி, இ, என், எஸ். பள்ளிக்கூடத்தில் மேசைக்கு அடியில் மடியில் பரப்பி, ஆசிரியர் முதுகைக் காட்டும்போதெல்லாம் வட்டம் போட்டேன். ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில், தேயிலை ஆலையின் இயந்திர அறைக் கதவில் இருந்த சிவப்புப் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மண்டை ஓடு போட்ட பலகை, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நாலு மொழியில் எழுதியிருக்கும். தமிழில் அபாயம். ஆங்கிலத்தில் டேஞ்சர். என் எழுத்துகள் அங்கே வரிசையாக நின்றன. பாம்பை வாலில் வைத்தால் ஏழும் முடிந்தது.

அதே ஏழு எழுத்தில் தோட்டங்கள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று. இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, எழுத்து என்றால் அப்படித்தான். ஆனால் அன்று எனக்குக் கிடைத்தது மண்டை ஓட்டுப் பலகையில் இருந்த சொல்தான், அது முக்கியம்.

ஓட்டமாக ஓடினேன். அக்காவிடம் சொல்ல வேண்டும், அவர் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். கங்காணி வீட்டுப் பக்கம் வந்தபோது மழை கொட்டியது. மேலே பார்த்தால் பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையோடு கூட்டமாக இறங்கி வருகிறார்கள். மழைக்கு வேலை நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் வருவது எங்கள் அம்மா. கையில் மஞ்சள் முடிச்சு, அதற்குள் அக்கா வீட்டுச் சாமான். பக்கத்தில் கங்காணி வீட்டுக் கோழிக்கூண்டு இருந்தது. குனிந்து முடிச்சை அதன் அடியில் தள்ளிவிட்டு, செருப்பை மாட்டியவள்போல் நிமிர்ந்தேன். அம்மா வந்து என் தலையிலும் தாளைப் போர்த்தி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் கங்காணி வீட்டு வாசலில் கூட்டம். அவர் மருமகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் கூட்டம். தோட்டத்துக் கிளினிக்கின் டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, உடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னாராம். கங்காணியம்மா கேட்கவில்லை. "வூட்ல என்னமோ இருக்கு. மொதல்ல அத எடுக்கணும். இல்லன்னா எந்த டோக்டரும் ஒண்ணும் செய்ய முடியாது," என்று சொல்லிவிட்டார். இன்று நினைத்தால் கோபம் வருகிறது. அன்று கோபப்பட எனக்கு இடமில்லை. வீட்டில் இருக்கிற அந்த என்னமோவை வைத்தவள் நான்தான்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். பன்னிரண்டு வயதில் எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. ஏழு எழுத்தில் அபாயம் என்று எழுதினேன், மஞ்சள் துணியில் முடிந்தேன், ஒரு வீட்டுக்கு அடியில் வைத்தேன், மறுநாளே அந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். கோழிக்கூண்டுக்கு அடியிலிருந்து முடிச்சை எடுக்கவும் முடியவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சோறு இறங்கவில்லை. என் நாக்கில் எப்போதும் காசை வைத்திருப்பதுபோல் ஒரு ருசி இருந்தது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம், கங்காணியம்மா வீட்டைச் சுற்றித் தோண்டாத இடமெல்லாம் தோண்டி, கடைசியில் கோழிக்கூண்டைத் தூக்கினார். அவர் போட்ட சத்தம் கீழ் லயம் வரைக்கும் கேட்டது.

முடிச்சை முறத்தில் வைத்துத் திறந்தார்கள். தொட யாருக்கும் துணிவில்லை, குச்சியால்தான் கட்டைகளைப் புரட்டினார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வந்து பார்த்தார். "இது ஒண்ணும் இல்ல, வெள்ளக்காரன் வெளாட்டுச் சாமான்லா," என்றார். கங்காணி அவரைத் திரும்பிப் பார்த்தார். "வெளாட்டுச் சாமானுன்னா அத எதுக்குங்க மஞ்சத்துணியில முடிஞ்சு எங்க வூட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில வைக்கணும்?" அதற்குப் பதில் தெரிந்த நான் கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். கட்டை ஏழு, கங்காணி வீட்டில் ஆள் ஏழு. ஐ.சி. அடையாள அட்டையில் எழுதியிருக்கிற பெயர்களின் முதல் எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஜி, கங்காணி. ஏ, கங்காணியம்மா. ஆர், மூத்த மகன். டி, மருமகள். என், மகள். இளைய மகனுக்கு மட்டும் பொருந்தவில்லை. அவனைச் சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரை யாரோ ஞாபகப்படுத்தினார்கள், அதற்கு இ சரியாக வந்தது. நானும் நாள் முழுக்க அதே வேலையைத்தானே செய்தேன், வராத சொல்லை வரவைத்தேன். அவர்கள் என்னைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். நடுவில் ஒருவர் மூலையில் இருந்த எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு டவுனுக்கு நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போனார். அது விழவில்லை.

மிச்சம் இருந்தது பாம்பு. கங்காணியம்மா அதைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"புள்ளைக்கு இன்னும் பேருகூட வைக்கலியே! ஐயரு எழுத்து மட்டுந்தான குறிச்சுக் குடுத்தாரு, 'சு'ன்னு. வூட்டு ஆளத் தவிர யாருக்குத் தெரியும்?"

மருமகள் பாயில் படுத்தபடியே மெதுவாகச் சொன்னார். "பங்களா அக்காவுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன்."

பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்தவர் பங்களா அக்கா. துரை பிள்ளைகளை வளர்த்த கை என்று கங்காணி வீட்டாரே கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கட்டைகள் பங்களாவிலிருந்து வந்தவை என்பதும் லயத்துக்கே தெரியும். பிள்ளை இல்லாதவள், அடுத்தவள் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுக் குளிப்பாட்டியவள், பிள்ளையின் பெயரெழுத்து தெரிந்தவள். அடுக்க வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. நாளைக்கு முனியாண்டி முன்னால் சூடம் அடிக்க வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். செய்ததாகத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் லயத்தைக் காலி பண்ண வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகப் போய்த் தகரப்பெட்டியைத் திறந்தார். அடியில் கையை விட்டு மஞ்சள் துணியை எடுத்தார். அதில் பாதிதான் இருந்தது. கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அழ ஆரம்பித்தேன்.

"அம்மா, நான் வேணும்னு..."

"வாய மூடு." அம்மா என்னைப் பார்க்கவில்லை. துணியைச் சுருட்டி அடுப்பில் போட்டார். "நீ ஒண்ணும் எடுக்கல. நீ ஒண்ணும் வைக்கல. நாளைக்கு வாயத் தொறந்தே, அப்பாவுக்கு வேல போயிடும், இந்த வூடும் போயிடும், நாம எல்லாரும் ரோட்லதான் நிக்கணும். வெளங்குதா?"

விளங்கியது. கங்காணி நினைத்தால் எதுவும் நடக்கும் காலம் அது. அம்மாவை இன்றுவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவரும் பயந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டு கிடையாது, அதனால் எல்லாரும் வந்திருந்தீர்கள். சூடம் அடிக்கிற சத்தியத்தை வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்வது சத்தியம். பொய்யாக அடித்தால் அடித்தவரோடு நிற்காது, பிள்ளை வழியில் இறங்கும். நம் தோட்டத்தில் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும்.

அக்கா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்தார். அந்தக் குளிரில் அவருடைய கீழுதடு ஆடிக்கொண்டிருந்தது. பச்சைப் பையையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், கொண்டு வந்திருந்தார்.

"இந்தாம்மா, இது ஒன்னோட சாமானா?" என்றார் கங்காணி.

"என்னோடதுதாங்க. தொரைசாணி குடுத்தது."

"நீ கொண்டாந்து வெச்சியா?"

"இல்லீங்க. அந்தப் பச்சப் புள்ளைக்கு நான் எதுக்குங்க செய்வேன்? என் கையாலதான குளிப்பாட்டுனேன்."

"பேச்சு வேணாம். சூடம் அடி."

பூசாரி கல்லில் சூடம் ஏற்றினார். அக்கா, "நான் வைக்கல, முனியாண்டி சாட்சி," என்று சொல்லி ஓங்கி அடித்தார். அணைந்தது. கூட்டத்தில் பெருமூச்சு கேட்டது. எனக்கும் மூச்சு வந்தது. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கங்காணி விடவில்லை. "அப்பன்னா ஒன் வூட்லேருந்து அது எப்புடி இங்க வந்துச்சு? யாரு எடுத்துக்கிட்டு வந்தா?"

அக்கா கரி பட்ட உள்ளங்கையைச் சேலையில் துடைத்தார்.

"யாருன்னு ஒனக்குத் தெரியும். தெரியாதுன்னா அதுக்கும் அடி."

இரண்டாவது சூடத்தை ஏற்றினார்கள். அந்த வீட்டுக்குப் போகிறவள், கட்டையை எடுத்துக்கொண்டு போகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். அக்கா என் பக்கம் திரும்புவார், விரலை நீட்டுவார் என்று காத்திருந்தேன். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் இருந்தேன். அம்மாவின் கை என் வாய்மேல் இருந்தது. மெதுவாக இல்லை, பல்லில் உதடு குத்தி இரத்தம் வருகிற அளவுக்கு. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கை இல்லாவிட்டாலும் நான் கத்தியிருக்க மாட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. எரிகிற சூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பாதி கரைந்த பிறகு சொன்னார்.

"யாருன்னு எனக்குத் தெரியாது. முனியாண்டி சாட்சி."

அடித்தார்.

கோயிலுக்கு முன்னால் விறகு மூட்டி, அந்த ஏழு கட்டையோடு பச்சைப் பையையும் அப்படியே நெருப்பில் கொட்டினார்கள். மரம் உடனே பற்றவில்லை. எழுத்தின் கறுப்பு மை முதலில் பொரிந்து நாறியது. துரையின் புகையிலை வாடை ஒரு கணம் எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகுதான், "எடுத்தாச்சு, இனி போலாம்" என்று குழந்தையை லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காதுக்குள் சீழ் வைத்திருந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்காது என்று டாக்டர் திட்டினாராம். குழந்தை பிழைத்தது. தோட்டம் சூடத்துக்குத்தான் நன்றி சொன்னது, டாக்டருக்கு இல்லை.

அந்தக் குழந்தைதான் இந்த மலரின் பொறுப்பாளர். இனிப்பாக எழுதச் சொன்னவர். தம்பி, ஒரு வரியைக்கூட வெட்டாதே.

சத்தியம் செய்துவிட்டதால் அக்காவை யாரும் விரட்டவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. மலையில் கொழுந்து கிள்ளும்போது அவருடைய நிரைக்கு இரண்டு பக்கமும் ஒரு நிரையைக் காலியாக விட்டார்கள். மற்ற நாளில் நிரை விட்டால் கத்துகிற கங்காணி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். பொய்ச் சத்தியம் என்றால் ஒரு மண்டலத்துக்குள் தெரிந்துவிடும், நாற்பத்தெட்டு நாள் பொறுங்கள் என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். முதல் சூடம் மெய், இரண்டாவது பொய் என்று தெரிந்தது மூன்று பேருக்கு. நான் தினமும் காலையில் எழுந்ததும் மேல் லயத்துப் புகைபோக்கியைப் பார்ப்பேன். புகை வந்தால் அக்கா உயிரோடு இருக்கிறார். வராத நாளில் பள்ளியில் எதுவும் காதில் ஏறாது.

அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. ஒருமுறை குழாயடியில் எதிரில் வந்தார். நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். முப்பத்தோராம் நாள் காய்கறிப் பெட்டி ஏற்றிய ஒரு லோரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போய்விட்டார். கியா பார்ம் பக்கம் காய்கறித் தோட்ட வேலைக்கு என்றார்கள். வழியனுப்ப யாரும் வரவில்லை. அதோடு எனக்கு அந்தப் புகையும் இல்லாமல் போயிற்று. மிச்ச நாளில் முனியாண்டி என்ன செய்தார் என்று தெரியாமலே பத்து வருஷம் வளர்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில், ஆசிரியர் பயிற்சி முடித்து, கல்யாணம் நிச்சயமான சமயம். அத்தை வீட்டுக்குக் காய்கறி வாங்க கியா பார்மில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். சாலையோரக் கடையில் முட்டைக்கோஸ் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பாப்பாதான?" என்றார் அக்கா.

அங்கேயே, ஸ்ட்ராபெரிக் கூடைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். "நான்தான்கா, அன்னிக்கு நான்தான் வெச்சேன்," என்றேன்.

"தெரியும்லா. வேற யாரு? ஒம்பேரச் சொல்லியிருந்தா ஒங்கப்பா வேல போயிருக்கும். நீ படிச்சிருக்க மாட்ட." சேலை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். மறுகல்யாணம் செய்துகொண்டாராம். கடைக்குள் பெட்டிமேல் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் திரும்பிப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு எனக்குன்னு யாரும் இல்ல பாப்பா. சாமி எடுத்துக்க எங்கிட்ட என்னா இருந்துச்சு? அந்தத் தைரியத்துல அடிச்சிட்டேன். இப்ப இவ வந்துட்டாளே. ஒரு இருமலு வந்தாப் போதும், எனக்கு ஈரக்கொல நடுங்குது."

பெட்டிமேல் இருந்த குழந்தை மறுபடி இருமியது.

"எனக்காக ஒண்ணு செய்வியா? அங்க போயி, ஒரு சூடம் கொளுத்தி, நான்தான் வெச்சேன், அவளுக்குத் தெரியும், என்னக் காப்பாத்தத்தான் சொன்னான்னு சொல்லிரு. எல்லார் முன்னுக்கும் அடிச்ச சத்தியம். எல்லார் முன்னுக்கும்தான் சொல்லணும்."

செய்கிறேன் என்றேன். கையைப் பிடித்துச் சத்தியமே செய்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது, "கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கு. மாப்ள வூட்ல என்னா நெனைப்பாங்க? இப்பப் போயி அதக் கெளறாத," என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்க்காததற்கு அம்மா காரணம் இல்லை. கங்காணியம்மாவின் முகத்தை நினைத்தேன், உங்கள் முகங்களை நினைத்தேன், அவ்வளவுதான். ஒரு வேலைநாள் காலை, எல்லாரும் மலையில் இருக்கும்போது கோயிலுக்குப் போனேன். ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. சூடத்தைக் கொளுத்தி, உதடு அசையாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் கியா பார்முக்குப் போனேன்.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்கா."

"எல்லாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"கங்காணியம்மா?"

"இருந்தாங்க."

"என்னா சொன்னாங்க?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஒண்ணும் சொல்லலக்கா. அழுதாங்க," என்றேன்.

அக்கா அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், என் பை கிழிகிற அளவுக்குக் காய்கறி போட்டுக் கொடுத்தார். அதை எங்கள் வீட்டில் சமைத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா லெம்பா பெர்த்தாமில் மகள் வீட்டில் காலமானார். காரியத்துக்குப் போயிருந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருக்கும் ஆன்ட்டி. அத்தன பேர் முன்னுக்கு நின்னு பேசுன பொண்ணுன்னு," என்றாள். அங்கே வைத்த சோற்றில் எனக்குக் கை போகவில்லை.

அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போன மாதம் சின்னவனுக்கு டெங்கி, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம் என்று செய்தி அனுப்பினாள். அவன் தேறிவிட்டான். அந்த நாலு நாளும் நான் தூங்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவள் நான். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்காதீர்கள், எனக்குப் பதில் தெரியாது. பயப்படுகிறாயா என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ஒன்றுகூடல் நிரலில் காலை பத்து மணிக்குப் பதிவும் பசியாறலும் என்று போட்டிருக்கிறீர்கள். நான் ஒன்பதரைக்கே கோயிலுக்கு முன்னால் நிற்பேன், அக்காவின் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சூடம் நானே கொண்டு வருகிறேன். அன்று நின்றவர்கள் எல்லாரும் வந்து நில்லுங்கள், கங்காணி வீட்டுப் பிள்ளைகளும் வாருங்கள். யாரும் இல்லாத கோயிலில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அது போதாது.